ஏரியைச் சுற்றி வருகிறோம். தண்ணீர் எங்கே போகிறது?

அல்சூர் ஏரிக்கரையில் காலை வேளையில் நடக்கப் போகும் நம் சங்க அன்பர்கள் நிறையப் பேர். அருகிலேயே நம் அய்யன் திருவள்ளுவர் சிலை. 1991-இல் நிறுவப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்ட சிலை. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

இப்படி நடக்க வருகிற மூத்த குடிமக்கள் சிலரிடம் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த ஏரிக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிரம்பினால் எந்தப் பக்கம் போகிறது?" ஒருவர், "மழைத் தண்ணிதானே சார்" என்றார். இன்னொருவர், "கார்ப்பரேஷன்காரங்க விடறாங்க" என்றார். மூன்றாமவர் முப்பது வருஷமாக அங்கே நடப்பவர். அவர் சொன்னார்: "எங்கேயும் போகாது. அதனாலதானே அது ஏரி!"

இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் ஏரிப் பூங்காக்கள் அமைந்திருக்கும் விதம் அப்படி. நடைபாதை வட்டமாகச் சுற்றுகிறது. வரத்துக்கால் வந்து சேரும் இடத்தை முள்வேலியும் புதரும் மறைத்திருக்கும். உபரி நீர் வழியும் கலங்கல், அதாவது கன்னடத்தில் கோடி என்பது, பெரும்பாலும் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும். நாற்காலி உண்டு, நீரூற்று உண்டு, உடற்பயிற்சிக் கம்பி உண்டு. தண்ணீர் வருவதையும் போவதையும் மட்டும் பார்க்க முடியாது. தண்ணீர் ஒரு படம் மாதிரி நடுவில் மாட்டியிருக்கிறது.

ரயில்வேயில் சிவில் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஒரு சின்னப் பாலத்துக்குத் துவாரம் எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டுமானால், அதற்கு மேலே எவ்வளவு பரப்பில் பெய்கிற மழை அங்கே வந்து சேரும் என்று முதலில் தெரிய வேண்டும். சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை விரித்து, மேட்டுக் கோடு எங்கே ஓடுகிறது என்று பென்சிலால் வரைவோம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற சொட்டு நம் பாலத்துக்கு வரும். அந்தப் பக்கம் விழுவது வேறொருவர் பாலத்துக்குப் போகும். அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதற்கு மேல், 'ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்' என்றே ஒரு பட்டியல் உண்டு. உடைந்தால் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போகக் கூடிய ஏரிகள் அவை. மழைக்காலத்துக்கு முன்னால் மாநிலப் பொறியாளர்களோடு சேர்ந்து அவற்றின் கரையையும் மதகையும் கலங்கலையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே என்ன ஏரி இருக்கிறது என்று தெரியாமல் கீழே ரயில் விட முடியாது.

ரயில்வேயில் இந்த அறிவு உத்தியோகத்தோடு வந்துவிடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது எப்படி வரும்? தினமும் கால் படுகிற பொது இடங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். பூங்கா, ஏரிக்கரை, பஸ் ஸ்டாண்டு, மைதானம், கோயில் குளம் இவைதாம். பெங்களூரில் இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேடிக்கையான ஓர் உண்மை தெரிகிறது. அதைச் சொல்வதற்கு முன் ஊரின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கில் வித்யாரண்யபுரம் பக்கத்துத் தொட்டபெட்டஹள்ளியில் 962 மீட்டர். அங்கிருந்து ஊரின் நடுவே, மாட்டின் முதுகெலும்பு போல, வடக்கு தெற்காக ஒரு மேடு ஓடுகிறது. மேட்டின் மேற்குப் பக்கம் பெய்யும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், மேகேதாட்டுக்குப் பக்கத்தில் சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் கலக்கிறது. கிழக்குப் பக்கம் பெய்வது ஹெப்பால் பள்ளத்தாக்கு, கோரமங்கலா பள்ளத்தாக்கு, சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகத் தட்சிண பினாகினிக்குப் போகிறது. இந்தப் பெயரைக் கேட்டு யாரோ அயலார் ஆறு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லையைத் தாண்டினால் அதற்குப் பெயர் தென்பெண்ணை. அர்க்காவதி, தென்பெண்ணை இரண்டுமே நந்தி மலைப் பக்கம்தான் பிறக்கின்றன. பிறந்த இடம் ஒன்று. ஒன்று நகரின் மேற்கேயும் மற்றது கிழக்கேயும் இறங்குகிறது.

பெரிய ஆறு எதுவும் இல்லாத இந்த மேட்டு ஊரை வாழ வைத்தவை ஏரிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கோடி வழியாகக் கீழ் ஏரிக்கு. இடையில் ஓடுவது ராஜ கால்வாய். இதை நான் ரயில் பாதையாகவே பார்க்கிறேன். ஒரு ஸ்டேஷனில் புறப்பட்டது அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நடுவில் பாதையை அடைத்துவிட்டு, வண்டி ஏன் வயலில் நிற்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை. 2022 செப்டம்பரில் வெளி வட்டச் சாலையிலும் சர்ஜாபூர் சாலையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அது நினைவிருக்கும்.

இனி அந்த வேடிக்கைக்கு வருவோம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய நம்மில் பெரும்பாலோர் முதன்முதலில் கால் வைத்தது ஓர் ஏரிப் படுகையில்தான்! கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. ஹாக்கி மைதானம் அக்கிதிம்மனஹள்ளி ஏரி. கால்பந்து மைதானம் சூளை ஏரி. நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் கோரமங்கலா ஏரி. கோல்ஃப் மைதானம் சல்லகட்டா ஏரி. ஆக, இந்த நகரின் பேர் போன பொது இடங்கள் பலவும் ஏரியை மூடி எழுந்தவை. நீர்வழி எது என்று ஜனங்களுக்குக் காட்டியிருக்க வேண்டிய இடங்களே அதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

இவற்றில் சம்பங்கி ஏரியின் கதை சுவையானது. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு சின்னக் குளம் மிச்சம் இருக்கிறது. அது தப்பியது எந்தச் சட்டத்தாலும் அல்ல. கரக விழாவால். சித்திரை நிலவில் நடக்கும் பெங்களூர்க் கரகத்தின் சடங்குகளில் சம்பங்கி ஏரிக்கு இடமுண்டு. அந்த விழாவை நடத்துபவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ் வேர் கொண்டவர்கள். ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் தோட்டம் போட்டவர்கள். ஜனங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது தண்ணீரைத் தேடி வந்ததால் ஒரு மூலை பிழைத்தது. கூட்டம் வராத ஏரிகள் பிழைக்கவில்லை.

சரி, மூடியது போக மிச்சமிருக்கும் இடங்களுக்கு வருவோம். ஓய்வுக்குப் பின் சில ஞாயிற்றுக்கிழமைகளில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏழெட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரு காரியம் செய்கிறேன். ஏரியைச் சுற்றி நடப்பதில்லை. தண்ணீர் போகிற வழியில் நடக்கிறோம். கையில் ஒரு மட்டக்குழாய். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், அதுதான். குழாயின் ஒரு முனையை ஒரு பையன் பிடிக்க, மறு முனையை ஒரு பெண் பத்தடி தள்ளிப் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த மட்டம் எவ்வளவு உயரம் என்று இரு பக்கமும் ஸ்கேலில் பார்த்தால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிந்துவிடும். கண்ணுக்குச் சமதரையாகத் தெரிகிற தெருவில் ஒரு சாண் சரிவு இருக்கும். பிள்ளைகளுக்கு இதில் அலாதி மகிழ்ச்சி. "அங்கிள், எங்க வீட்டுத் தண்ணி இவங்க வீட்டுக்குப் போகுது!" என்று ஒரு பெண் கத்தியதில் இரண்டு அம்மாக்களுக்குள் சற்று மனஸ்தாபமே வந்துவிட்டது. அது போகட்டும்.

அல்சூரிலிருந்து கீழே போகும் வழி பார்ப்பதற்கு அழகானதல்ல. பிரேசர் டவுன் பக்கத்து மேட்டிலிருந்து வரும் நீர் ஏரியில் சேர்ந்து, உபரியாக வெளியேறி, சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே, வீடுகளின் புழக்கடைப் பக்கமாக, தென்கிழக்கே பெல்லந்தூரை நோக்கிப் போகிறது. மழை இல்லாத நாளிலும் ஓடுகிறது என்றால் அது மழைநீர் அல்ல என்று நான் சொல்லத் தேவையில்லை. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது. கழிவு சேர்ந்து, கோடை வெப்பமும் சேர்ந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு தீர்ந்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடைபாதையை விட்டு ஓடியவர்கள் மறு மாதம் திரும்பி வந்துவிட்டார்கள். வரத்துக்கால் எங்கே என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். தீப்பிடித்த ஏரி என்று உலகமே பேசிய ஏரி. 2015-இலும், 2017 பிப்ரவரியிலும் எரிந்தது. 2018 ஜனவரியில் தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. வர்த்தூர் நிரம்பினால் தட்சிண பினாகினி. நகரத் தண்ணீர் கர்நாடக எல்லையைத் தாண்டி முதலில் தங்கும் இடம் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் கெலவரப்பள்ளி அணை.

நுரை எப்படி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நாம் துணி துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தூளில் இருக்கும் பொருள் சுத்திகரிக்கப்படாமல் தண்ணீரில் தங்கிவிடுகிறது. தண்ணீர் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கலங்கலிலோ ஷட்டரிலோ உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு அடிபடுகிறது, நுரைக்கிறது. வாளியில் தூளைப் போட்டுக் கையால் அடிப்பது போலத்தான். ஆதலால் நுரை வர்த்தூரில் விழும் இடத்தில் வரும். பிறகு காணாமல் போகும். மறுபடி கெலவரப்பள்ளி மதகில் வரும். அடங்கிவிட்டது என்று நினைக்கும் இடத்தில் அது அடங்கவில்லை, பயணம் செய்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் காவலராக இருப்பவர் ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்கள் நடையில் ஒரு நாள் கூட வந்தார். பிள்ளைகளுக்கு நான் வரைபடத்தில் கோடு காட்டி விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நீங்க படத்துல காட்டறீங்க சார். எங்க தம்பி வயக்காட்டுல அது வருது. மழை வந்து கதவைத் தொறந்தா, ரோடு வரைக்கும் வெள்ளையா நிக்கும். பசங்க அதுல போய் விளையாடுவானுங்க, அடிச்சு இழுத்துட்டு வரணும்." அன்றைக்கு அதற்குமேல் வரைபடம் தேவைப்படவில்லை.

இதில் நமக்குக் கூடுதலாக ஒரு சம்பந்தம் உண்டு. பெங்களூர்த் தமிழர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எவ்வளவு பேர் என்று நமக்கே தெரியும். தென்பெண்ணை கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூர் அணைக்கும் போய், கடலூருக்கு அருகே கடலில் சேர்கிறது. நகரின் மேற்கே குடியிருப்பவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். விருஷபாவதியும் அர்க்காவதியும் காவிரி வழியாக ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும்தான் போகின்றன. எந்தப் பக்கம் குளித்தாலும் தண்ணீர் நம் ஊருக்குத்தான். அந்த ஓசூர்ப் பக்கத்துத் தோட்டக் காய்கறியும் பூவும் திரும்பக் கே.ஆர். மார்க்கெட்டுக்கே வருகின்றன.

காவிரி என்றவுடன் நம் சங்கக் கூட்டங்களில் எல்லோரும் கொஞ்சம் எச்சரிக்கையாகிவிடுவோம். நான் வழக்குப் பக்கம் போகவில்லை. பொறியாளன் கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் வைத்து ஏற்றிக் காவிரி நீர் இங்கே வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டபோது 77.5 கோடி லிட்டர் கூடி, நாளொன்றுக்கு மொத்தத் திறன் சுமார் 222 கோடி லிட்டர் ஆயிற்று. நூறு லிட்டர் வீட்டுக்கு வந்தால் எண்பது லிட்டர் கழிவாக வெளியேறும் என்பது கழிவுநீர்ப் பொறியியலில் வழக்கமான கணக்கு. மேட்டுக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளில் இந்த எண்பது லிட்டர் காவிரிக்குத் திரும்புவதில்லை. தென்பெண்ணைப் பக்கம் போகிறது. ஆக, ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றுக்கு நாம் அன்றாடம் மாற்றிக்கொண்டிருக்கிறோம், சமையலறைத் தொட்டி வழியாக. கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்ப் செய்கிறார்கள். கழிவு என்று நாம் தள்ளுவது அங்கே ஏரியை நிரப்புகிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்துவது போதுமா என்ற விவாதம் தனி.

பொது இடங்களைச் சரியாக அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. சர்ஜாபூர் சாலையில் கைகொண்டரஹள்ளி ஏரி, 48 ஏக்கர். குப்பை மேடாகக் கிடந்ததை 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கம்பக்கத்து மக்களும் அன்றைய மாநகராட்சியும் சேர்ந்து மீட்டார்கள். எனக்கு அங்கே பிடித்தது நடைபாதை அல்ல. திறந்தவெளி அரங்கு இருக்கிறது. பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துப் பாடம் கேட்கலாம். கிராமத்தார் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொள்ள இடம் உண்டு. பிள்ளையாரைக் கரைக்கத் தனிக் குளம் உண்டு. 'கெரே ஹப்பா', அதாவது ஏரித் திருவிழா, நடத்துகிறார்கள். மேலே கசவனஹள்ளி, கீழே சவுல் கெரே, அதற்குக் கீழே பெல்லந்தூர் என்று அங்கே நடக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் பெரிய விஷயம். மேல் ஏரிக்காரர் என்ன செய்கிறார் என்று அவர்கள் போய்ப் பார்ப்பார்கள்.

வடக்கே ஜக்கூர் ஏரி, சுமார் 160 ஏக்கர். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் அளவில் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று அதன் தலைமாட்டில் இருக்கிறது. சுத்திகரித்த நீர் நேரே ஏரிக்குப் போகாமல் முதலில் கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்புக்குள் நுழைகிறது. செடிகள் மிச்சமிருக்கும் சத்துக்களை உறிஞ்சிக்கொள்கின்றன. பிறகு ஏரி. ஏரியால் சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறுகிறது. மீனவர்கள் பரிசலில் போகிறார்கள். எல்லாமே ஒரு நடையில் கண்ணால் பார்க்கலாம். இஞ்சினீயரிங் படிக்கிற பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஒரு தடவை கூட்டிப் போங்கள். புத்தகத்தில் நாலு அத்தியாயம் மிச்சமாகும்.

கப்பன் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து கடலை கொறித்தவர்கள், அங்கே பழைய திறந்த கிணறுகள் இருந்ததைக் கவனித்திருக்க மாட்டார்கள். தூர்ந்து குப்பை நிறைந்திருந்த கிணறுகளை, 'மண்ணு வட்டர்' எனப்படும் பரம்பரைக் கிணறு வெட்டும் தொழிலாளர்கள் இறங்கித் தூர் வாரினார்கள். தண்ணீர் ஊறியது. ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி கண்ட ஊரில், ராட்டினக் கிணற்று ஆழத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் காண்பது ஒரு பாடம். 2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, டேங்கர் லாரிக்காரர் சொன்னது விலையாக இருந்த நாட்களில் இதன் அருமை தெரிந்தது.

ஜெயநகரில் குடிநீர் வாரியம் அமைத்த மழைநீர் சேகரிப்புப் பூங்காவும் உண்டு, விசுவேசுவரய்யா பெயரில். கூரை நீரைப் பிடிக்கும் பலவகை மாதிரிகளை அங்கே பார்க்கலாம். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முப்பதுக்கு நாற்பது மனை 111 சதுர மீட்டர். பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். பாதியைப் பிடித்தாலும் எத்தனை டேங்கர் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார்கள்.

மல்லேசுவரத்தில் காடு மல்லேசுவரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தக் கல்யாணி இருக்கிறது. மண்ணில் புதைந்திருந்து, 1990-களின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் லிங்கத்தின் மேல் விழுந்து குளத்தில் சேர்கிறது. பக்தர்கள் அதிசயம் என்பார்கள். நான் ஊற்று என்பேன். இருவர் சொல்வதும் சரிதான். தண்ணீர் மேலிருந்து நிலத்துக்குள் இறங்கி இங்கே எட்டிப் பார்க்கிறது. அந்தக் கல்யாணியின் படியில் உட்கார்ந்து, "விருஷபாவதிப் பள்ளத்தாக்கு இங்கிருந்துதான் இறங்குகிறது" என்று சொன்னால் கேட்பவர்களுக்கு மனதில் பதிகிறது. மைசூர் சாலைப் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை, இது ஆறு என்று!

எல்லாமே நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோரமங்கலா பள்ளத்தாக்கின் பெரிய சாக்கடையை, கே-100 என்ற பெயரில், மெஜஸ்டிக் வட்டாரத்திலிருந்து சாந்தி நகர் வழியாகப் பெல்லந்தூர் வரைக்கும் மக்கள் நடக்கும் நீர்வழியாக மாற்றும் திட்டம் வந்தது. நல்ல யோசனை. ஆனால் கழிவுநீர்க் குழாய்களை முழுவதும் பிரிக்காமல் பக்கவாட்டில் கல் பாவி நாற்காலி போட்டால், நாற்றத்துக்கு முன்னால் நாற்காலி போட்டதாகத்தான் ஆகும். முதலில் பைப், பிறகு பெஞ்சு. இதுதான் வரிசை. ரயில்வேயில் தண்டவாளம் போடுமுன் பிளாட்பாரத்துக்கு வெள்ளையடிக்க மாட்டோம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேலியும் சீட்டும். 2002-இல் ஏரி வளர்ச்சிக்கென்று ஓர் அமைப்பு ஏற்படுத்தி, சில ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகை விட்டார்கள். நுழைவுச் சீட்டு வந்தது. காசு கொடுத்தவர் படகில் போனார். மாடு கழுவியவரும் மீன் பிடித்தவரும் வெளியே நின்றார்கள். 2008-இல் இதை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போடப்பட்டு, நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைந்து, ஏரி பொதுச் சொத்து என்ற பேச்சு மீண்டும் உறுதியாயிற்று. வண்ணானும் மீனவனும் புல் அறுப்பவளும் ஏரிக்கு அன்றாடம் வருபவர்கள். தண்ணீரின் நிறம் மாறினால் அவர்களுக்கு அன்று மாலையே தெரியும். காலையில் ஐந்து முதல் ஒன்பது வரை மட்டும் வருகிற நமக்குத் தெரியாது. அவர்களை வெளியேற்றிவிட்டுக் கேமரா வைப்பது செலவு மிகுந்த அசட்டுத்தனம் என்பது என் அபிப்பிராயம்.

நம் சங்கம் செய்யக் கூடியதாக ஒன்றைச் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரயில் நிலையங்களில் மஞ்சள் பலகை பார்த்திருப்பீர்கள். மூன்று மொழியில் ஊர்ப் பெயர். கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். அதே மாதிரி, அனுமதி பெற்று, ஏரிக்கரைகளிலும் பூங்காக்களிலும் பலகை வைக்கலாம். கன்னடத்தில் முதலில், பிறகு ஆங்கிலத்தில், இடமிருந்தால் தமிழில். இந்த இடத்தின் உயரம், எந்தப் பள்ளத்தாக்கு, முந்தைய ஏரி எது, அடுத்த ஏரி எது, கடைசியில் எந்த ஆறு, எந்தக் கடல். ஐந்து வரி. பாலத் தூணில் உச்ச வெள்ள மட்டத்துக்குக் கோடு போடுவது போல, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு கோடும் வருஷமும். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலும் ஒன்று வைக்க வேண்டும் என்பது என் ஆசை: 'தர்மாம்புதி ஏரி' என்று. கன்னட நண்பர்கள் இருவரிடம் சொன்னேன். ஒருவர் எழுத்து வாசகத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லி, மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். செலவுக்குப் பெரிய தொகை வேண்டாம். பெயிண்டர் கூலிதான்.

ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஜோலார்பேட்டை வழியாகப் போகிறவர்கள், ஒயிட்ஃபீல்டைக் கடந்து தேவனகொந்தி வருமுன் சன்னல் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிற அவசரத்தில் தவறவிடக் கூடாது. அங்கே ரயில் கடக்கும் ஒடுங்கிய நீர்தான் தட்சிண பினாகினி. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அடுத்த நடை ஜக்கூரில். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரை மணி. சதுப்புப் பக்கம் சகதி இருக்கும். பழைய செருப்பு போட்டு வரவும். மட்டக்குழாய் என்னிடம் இருக்கிறது. ஸ்கேல் மட்டும் பிள்ளைகள் கொண்டுவரட்டும். வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடலாம். ஓசூர்க்காரரும் வருகிறார், கெலவரப்பள்ளிக்கு வேன் வைத்துப் போவது பற்றி அங்கேயே பேசி முடிவு செய்வோம்.